வெள்ளி ஏற்றிய அலுமினியத் தகடுகள்: விண்கல உட்சுவருக்கான கிருமித்தடுப்புப் பூச்சைச் செய்து சோதித்த பதிவு

ஐந்து சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிய, 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள 6061 ரக அலுமினியத் தகடுகள் நாற்பது. கடந்த எட்டு மாத வேலை முழுவதும் இவற்றின்மேல்தான் நடந்தது. மனிதர்கள் தங்கும் விண்கலத்தின் உட்சுவரில் பாக்டீரியா நிலைகொள்ளாமல் தடுக்கும் பூச்சு ஒன்றைச் செய்து, அதை முறைப்படி சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது நோக்கம். பூச்சைச் செய்வது எதிர்பார்த்ததைவிட எளிதாக இருந்தது. அது உண்மையில் வேலை செய்கிறதா என்று நம்பத்தக்க வகையில் கண்டறிவதுதான் பல மாதங்களை எடுத்துக்கொண்டது. அதனால் இந்தப் பதிவில் செய்முறையைவிடச் சோதனைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், விண்கலத்துக்கு இப்படியொரு பூச்சு எதற்கு என்ற கேள்வி. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000ஆம் ஆண்டு நவம்பர் 2 முதல் மனிதர்கள் இடைவிடாமல் வாழ்கிறார்கள். மனிதர் இருக்கும் இடத்தில் அவர்களுடைய தோல், உமிழ்நீர், குடல் ஆகியவற்றின் நுண்ணுயிரிகளும் இருக்கும். சன்னலைத் திறந்து காற்றை மாற்ற வழியில்லாத அந்த மூடிய அறையில், உதிர்ந்த தோல் செதில்கள் தரையில் படிவதில்லை. காற்றோட்டம் இழுத்துச் செல்லும் சல்லடைகளிலும், பலகைகளின் பின்புறத்திலும், மூலைகளிலும் போய்ச் சேர்கின்றன. நீரும் அப்படித்தான். குளிர்ந்த உலோகத்தில் படியும் ஈரம் வழிந்து ஓடாமல், பரப்பு இழுவிசையால் அங்கேயே பந்தாகத் திரண்டு நிற்கிறது. 1986 முதல் 2001 வரை சுற்றிவந்த மிர் நிலையத்தில், பலகைகளுக்குப் பின்னால் அப்படித் திரண்ட நீர்க்கோளங்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்திருந்ததைக் கண்டார்கள். இன்றைய நிலையத்தில் விண்வெளி வீரர்கள் வாரந்தோறும் சுவர்களையும் கைப்பிடிகளையும் கிருமிநாசினித் துணியால் துடைக்கிறார்கள். 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் பாக்டீரியாவுக்கு 10,000 காலனி (வளர்தட்டில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருகிய கூட்டம்), பூஞ்சைக்கு 100 காலனி என்பது அங்கே பின்பற்றப்படும் மேல்வரம்பு. துடைக்கக் கை எட்டாத இடங்களுக்குத்தான் பூச்சு தேவை.

இன்னொரு காரணமும் உண்டு. 2010, 2011 ஆண்டுகளில் அட்லாண்டிஸ் விண்வெளி ஓடத்தில் அனுப்பிய சூடோமோனாஸ் ஏருஜினோசா பாக்டீரியா, தரையில் வளர்ந்ததைவிடத் தடிமனான உயிர்ப்படலத்தை, அதாவது தான் சுரக்கும் பசைக்குள் செல்கள் ஒட்டி வாழும் அடுக்கை, அங்கே உருவாக்கியது. தூண்கள் எழுந்து மேலே விதானம் விரித்தது போன்ற, பூமியில் காணப்படாத ஓர் அமைப்பும் அதில் இருந்தது. உயிர்ப்படலம் ஒருமுறை தடித்துவிட்டால் அதன் அடியில் இருக்கும் செல்லைக் கிருமிநாசினி எளிதில் தொட முடியாது. முதல் செல் ஒட்டும் நேரத்திலேயே தடுக்க வேண்டும்.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு வாரம் போயிற்று. டைட்டானியம் டை ஆக்சைடைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டேன். அதன் அனடேஸ் வடிவம் வேலை செய்யச் சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளமுள்ள புற ஊதா ஒளி வேண்டும். விண்கலத்தின் உள்ளே எரியும் எல்.இ.டி. விளக்குகளில் அது இல்லாத அளவுக்குக் குறைவு, பலகையின் பின்புறத்திலோ எந்த ஒளியும் இல்லை. சிலேன் என்ற சிலிக்கான் சேர்மத்தின் வழியாகப் பரப்பில் பிணைக்கும் குவாட்டர்னரி அம்மோனியம் சேர்மங்கள் தொட்ட செல்லைக் கொல்லும். ஆனால் செத்த செல்லின் மிச்சம் மேலே படிந்ததும் அடுத்த செல் அந்தச் சேர்மத்தைத் தொடுவதே இல்லை. கொல்லாமல், ஒட்டவிடாமல் மட்டும் தடுக்கும் நீர்விலக்குப் பரப்புகளும் உண்டு. பிரெஞ்சு விண்வெளி மையத்தின் மாட்டிஸ் சோதனையில் 2016 முதல் அவற்றை நிலையத்திலேயே வைத்துப் பார்க்கிறார்கள். அது நல்ல வழி என்றே நினைக்கிறேன், ஆனால் என் கையிலிருந்த கருவிகளுக்கு அது பொருந்தவில்லை. மீதமிருந்தவை வெள்ளியும் செம்பும். செம்பு அடர்த்தி மிகுந்தது, கறுத்துப்போகும், அலுமினியச் சுவர் முழுவதையும் அதனால் மூட முடியாது. வெள்ளியோ மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்யும். நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் குடிநீரைக் காப்பதே வெள்ளி அயனிதான். எனவே வெள்ளியை முதன்மையாக எடுத்துக்கொண்டு, ஒப்பிடுவதற்காக மட்டும் சில செம்புத் தகடுகளை வெட்டி வைத்தேன். அந்தச் செம்புத் தகடுகள் பின்னால் எவ்வளவு முக்கியமாகப்போகின்றன என்பது அப்போது தெரியாது.

வெள்ளியை அலுமினியத்தின்மேல் நேரடியாகப் பூசக் கூடாது. வெள்ளியின் நியம மின்முனை அழுத்தம் +0.80 வோல்ட், அலுமினியத்தினுடையது −1.66 வோல்ட், இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் அது ஒரு மின்கலமாக மாறி அலுமினியத்தை அரித்துவிடும். ஆகவே முதலில் ஆனோடைசிங் செய்து, அதாவது அமிலத்தில் தகட்டை நேர்முனையாக வைத்து மின்சாரம் செலுத்தி, ஒரு ஆக்சைடு அடுக்கை வளர்த்து, அந்த அடுக்கின் நுண்துளைகளுக்குள் வெள்ளியை இறக்குவது என்று முடிவு செய்தேன். ஆக்சைடு மின்கடத்தாப் பொருள் என்பதால் அதுவே இடைத்திரையாக நிற்கும்.

தகட்டை அசிட்டோனில் கழுவி, 50 டிகிரி சூட்டிலிருந்த 5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஒரு நிமிடம் அரித்தெடுத்தேன். வெளியே எடுக்கும்போது தகடு கரி பூசியதுபோல் கறுத்திருக்கும். 6061 உலோகக்கலவையில் உள்ள சிலிக்கானும் செம்பும் காஸ்டிக்கில் கரையாமல் மேலே தங்கிவிடுவதே அதற்குக் காரணம். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் அரை நிமிடம் முக்கினால் அந்தக் கறுப்பு விலகிப் பால்போன்ற மங்கிய வெண்மை தெரியும். இந்த வேலைகள் எல்லாம் புகைபோக்கிப் பெட்டிக்குள், முகக்கவசமும் அமிலக் கையுறையும் அணிந்து செய்ய வேண்டியவை. சூடான காஸ்டிக் கண்ணில் பட்டால் அமிலத்தைவிட மோசமான காயம் ஏற்படும்.

ஆனோடைசிங் தொட்டியில் லிட்டருக்கு 180 கிராம் கந்தக அமிலம். தகட்டின் இரு பக்கமும் ஓரங்களும் சேர்ந்து 53 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர டெசிமீட்டருக்கு 1.5 ஆம்பியர் என்று கணக்கிட்டால் தகடு ஒன்றுக்கு 0.8 ஆம்பியர். 25 நிமிடத்தில் சுமார் 12 மைக்ரோமீட்டர் ஆக்சைடு வளரும். தொட்டியின் வெப்பநிலை 20 டிகிரியைத் தாண்டாமல் பனிக்கட்டி நீரில் அமர்த்தி வைத்தேன், ஏனெனில் அமிலம் சூடாகிவிட்டால் வளரும் ஆக்சைடே கரைந்து, விரலால் தேய்த்தால் மாவாக வரும்.

முதல் ஆறு தகடுகள் இங்கேதான் கெட்டன. தகட்டைப் பிடிக்கச் சாதாரணக் கவ்வி ஒன்றைப் பயன்படுத்தியிருந்தேன். தொடங்கிய நான்காவது நிமிடத்தில் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போய் மின்னோட்டம் விழுந்தது. கவ்வி தளர்வாகப் பிடித்த இடத்தில் அமிலம் புகுந்து, அங்கேயும் ஆக்சைடு வளர்ந்து, தொடர்பையே துண்டித்துவிட்டது. தகட்டின் மூலையில் ஒரு சிறு துளையிட்டு, டைட்டானியக் கம்பியை அதில் இறுக்கி முறுக்கிய பிறகு இந்தத் தொல்லை இல்லை. முடிந்ததும் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் தகட்டின்மேல் வைத்துப் பார்ப்பேன். மின்தடை அளவிட முடியாத அளவுக்கு உயர்ந்திருந்தால் ஆக்சைடு ஒழுங்காக மூடியிருக்கிறது என்று பொருள்.

வெள்ளியை இறக்க நேர்திசை மின்னோட்டம் உதவாது. நுண்துளையின் அடியில் உள்ள தடுப்பு அடுக்கு மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் எளிதாக விடும். மாறுதிசை மின்னோட்டத்தைக் கொடுத்தால் அந்த எளிதான பாதி அலையில் வெள்ளி துளையின் அடியிலிருந்து மேல்நோக்கிப் படியத் தொடங்கும். காய்ச்சி வடித்த நீரில் லிட்டருக்கு அரை கிராம் வெள்ளி நைட்ரேட்டும் 5 கிராம் கந்தக அமிலமும் கரைத்து, கிராஃபைட்டை எதிர்முனையாக வைத்து, 10 வோல்ட் கொடுத்தேன். முதல்முறை தகட்டை உள்ளே இறக்கியதுமே தெளிவான கரைசலில் வெண்புகை போன்ற கலங்கல் பரவியது. அதற்கு முந்தைய அலசலைக் குழாய் நீரில் செய்திருந்தேன். நுண்துளைகளில் தங்கியிருந்த குளோரைடு வெளியே வந்து, வெள்ளி குளோரைடாக வீழ்படிந்துவிட்டது. அந்தத் தொட்டி முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதன்பின் மூன்று அலசல்களும் காய்ச்சி வடித்த நீரில்தான், கடைசி அலசல் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல்.

சரியாக அமைந்த தகட்டில் நிறம் மாறுவதைக் கண்ணால் காணலாம். முப்பது விநாடியில் வைக்கோல் மஞ்சள் படர்கிறது. ஒரு நிமிடத்தில் தேன் நிறம். இரண்டு நிமிடத்தில் பச்சை கலந்த பழுப்பு. துளைக்குள் இருக்கும் வெள்ளித் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது, சாயம் எதுவும் இல்லை. இரண்டு நிமிடத் தகடுகளையே சோதனைக்கு எடுத்துக்கொண்டேன்.

அடுத்து ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. வழக்கமாக ஆனோடைசிங் செய்த அலுமினியத்தைக் கொதிநீரில் வைத்து நுண்துளைகளை அடைப்பார்கள். ஆக்சைடு நீரேறி வீங்கித் துளைவாயை மூடிக்கொள்ளும், அரிப்புத் தடுப்பு பலமடங்கு கூடும். ஆனால் துளை மூடினால் உள்ளே இருக்கும் வெள்ளி எப்படி வெளியே வரும்? அரைகுறையாக மூடலாமா என்று பார்க்க மூன்று வகை செய்தேன்: மூடாதது, கொதிநீரில் 3 நிமிடம் வைத்தது, 25 நிமிடம் வைத்தது. இவற்றுடன், உலரும்போது கண்ணாடிபோல் இறுகும் சிலிக்கா சோல்-ஜெல் நீர்மத்தில் வெள்ளி நைட்ரேட் கலந்து முக்கியெடுத்த தகடுகள் சிலவும். சோல்-ஜெல் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டெட்ராஎதாக்சிசிலேன் மட்டும் கொண்டு செய்த படலம் உலரும்போது ஏரி வண்டல்போல் வெடித்தது. பாதிக்கு மெத்தில்ட்ரைஎதாக்சிசிலேன் சேர்த்து, தகட்டை மெதுவாகவும் நடுங்காமலும் மேலே இழுத்தபின் வெடிப்பு நின்றது.

விண்கலத்தில் பயன்படுத்தும் எந்தப் பூச்சும் கிருமியைக் கொல்வதோடு தன் வேலை முடிந்தது என்று இருந்துவிட முடியாது. வெற்றிடத்தில் அதிலிருந்து ஆவியாவது எவ்வளவு என்பதை ஏ.எஸ்.டி.எம். ஈ595 முறை அளக்கிறது: 125 டிகிரி செல்சியஸில், வெற்றிடத்தில், 24 மணி நேரம் வைத்தபின் மொத்த எடை இழப்பு 1 சதவீதத்துக்குள்ளும், 25 டிகிரியில் வைத்த தகட்டில் படிந்து உறையும் பொருள் 0.1 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் வரம்பு. என் கருவியில் எடை இழப்பை மட்டும் அளக்க முடிந்தது. 80 டிகிரியில் உலர்த்திய சோல்-ஜெல் 1.4 சதவீதம் இழந்து தோற்றது. 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டபின் 0.5 சதவீதத்துக்கு இறங்கியது. மனிதர் இருக்கும் பகுதிக்குள் வைக்கும் பொருளுக்கு இதைவிட முக்கியமானது இன்னொன்று: சுமார் 50 டிகிரியில் 72 மணி நேரம் மூடிய கலத்தில் வைத்து, அது காற்றில் விடும் நச்சு வாயுக்களை அளக்கும் சோதனை. வீரர்கள் சுவாசிக்கும் காற்று ஒரே காற்றுதான், திரும்பத் திரும்பச் சுத்தம் செய்யப்படுவது. அந்தச் சோதனைக்கான வசதி என்னிடம் இல்லாததால், கரிமப் பொருளே இல்லாத ஆனோடைசிங் வழியில் எனக்கு நம்பிக்கை கூடியது. ஒட்டுத்திறனைக் குறுக்குக் கோடுகள் கீறி ஒட்டுநாடாவை ஒட்டி உரித்துப் பார்த்தேன். ஆனோடைசிங் அடுக்கு அசையவே இல்லை, சோல்-ஜெல்லில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் முனைகளில் மட்டும் சிறு செதில்கள் பெயர்ந்தன.

இனி பாக்டீரியா. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர் தம் இன்குபேட்டரையும் நேரத்தையும் கொடுத்தார். நோய் உண்டாக்காத ஈ.கோலை கே-12 வகையையும், மனிதத் தோலில் இயல்பாக வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் வகையையும் எடுத்துக்கொண்டோம். விண்வெளி நிலையத்தின் சுவர்களில் அதிகம் கிடைப்பவை தோலிலிருந்து வரும் வகைகளே என்பதால் இரண்டாவதுதான் நமக்கு உண்மையான அளவுகோல்.

ஐ.எஸ்.ஓ. 22196 என்ற தர முறையைப் பின்பற்றினோம். ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 6 லட்சம் செல் இருக்கும் நீர்மத்தில் 0.4 மில்லிலிட்டர் எடுத்துத் தகட்டில் விட்டு, 4 சென்டிமீட்டர் சதுரமான மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, 35 டிகிரி வெப்பத்திலும் 90 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதத்திலும் 24 மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு 10 மில்லிலிட்டர் நடுநிலையாக்கி நீர்மத்தில் கழுவியெடுத்து, அகர் தட்டில் ஊற்றி, காலனிகளை எண்ண வேண்டும். பூச்சில்லாத தகட்டில் கிடைத்த எண்ணிக்கையின் மடக்கையிலிருந்து பூச்சுள்ள தகட்டின் மடக்கையைக் கழித்தால் கிடைப்பது அந்தப் பூச்சின் திறன். திறன் 1 என்றால் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்கு, 2 என்றால் நூறில் ஒரு பங்கு.

முதல் முடிவு வந்த நாளில் நாங்கள் இருவரும் தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தோம். பூச்சில்லாத தகட்டில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 லட்சம் செல், அதாவது மடக்கை 5.3. வெள்ளித் தகடுகளின் தட்டுகளில் ஒரு காலனிகூட இல்லை. மூடாத தகடு, 3 நிமிடம் மூடியது, 25 நிமிடம் மூடியது, சோல்-ஜெல் எல்லாமே வெறுமையாக இருந்தன. திறன் 5க்கு மேல். அன்றே அறிக்கை எழுதியிருப்பேன்.

நண்பர் தடுத்தார். "நாலு விதமா செஞ்ச தகடும் ஒரே மாதிரி சுத்தமா இருக்குன்னா, முதல்ல நடுநிலையாக்கியைச் சந்தேகப்படணும்" என்றார். அவர் சொன்னதில் இருந்த தர்க்கம் எளிது. தகட்டிலிருந்து கழுவியெடுக்கும் நீர்மத்தோடு வெள்ளி அயனியும் வரும். அதை அந்த நொடியிலேயே செயலிழக்கச் செய்யாவிட்டால், தகட்டில் பிழைத்த பாக்டீரியா சோதனைக் குழாயிலும் அகரிலும் செத்துப்போகும். தகடு கொன்றதாக நாம் எழுதிவைப்போம். நாங்கள் பயன்படுத்தியது லெசித்தினும் பாலிசார்பேட் 80ம் கலந்த வழக்கமான நீர்மம். அது குவாட்டர்னரி அம்மோனியத்தை அடக்குவதற்கு ஏற்றது. வெள்ளியை அடக்கக் கந்தகம் கொண்ட சேர்மங்கள் வேண்டும்: சோடியம் தயோகிளைகோலேட், சோடியம் தயோசல்பேட்.

சரிபார்க்கும் முறை இதுதான். பாக்டீரியா எதுவும் படாத வெள்ளித் தகட்டை வெறும் நீரில் 24 மணி நேரம் வைத்து, நடுநிலையாக்கியில் கழுவி, அந்த நீர்மத்தில் சுமார் நூறு உயிருள்ள செல்களைச் சேர்த்துப் பத்து நிமிடம் கழித்துத் தட்டில் ஊற்ற வேண்டும். பழைய நீர்மத்தில் பிழைத்தவை 17 மட்டுமே. தயோகிளைகோலேட்டும் தயோசல்பேட்டும் சேர்த்த நீர்மத்தில் 94. தயோகிளைகோலேட்டே சில பாக்டீரியாக்களுக்கு நஞ்சாகலாம் என்பதால், வெள்ளி இல்லாமல் அந்த நீர்மத்தை மட்டும் தனியாகவும் சோதித்தோம். அதனால் இழப்பு இல்லை.

எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். மூடாத தகட்டின் தட்டில் இப்போது ஒரு மில்லிலிட்டருக்கு 150 காலனி இருந்தது. அதைச் சதுர சென்டிமீட்டருக்குக் கணக்கிட்டால் 94, மடக்கை 2.0, திறன் 3.3. மூன்று நிமிடம் மூடிய தகடு 2.6, சோல்-ஜெல் 2.9. இருபத்தைந்து நிமிடம் மூடிய தகடு 0.4க்கு வந்துவிட்டது, அதாவது ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. துளைவாய் மூடியதால் வெள்ளி சிறைப்பட்டது என்று முன்பே ஊகித்திருந்தோமே, அதை முதல் சோதனை முற்றிலும் மறைத்திருந்தது. வெள்ளிப் பூச்சைச் சோதிக்கும் எவரும் இந்த ஒரு நாள் வேலையைத் தவிர்க்கக் கூடாது என்று வலியுறுத்திச் சொல்கிறேன். கிருமி முழுவதும் அழிந்ததாகக் காட்டும் வெற்றுத் தட்டு, சரிபார்க்கப்படாத நடுநிலையாக்கியோடு வந்தால் அதற்கு மதிப்பில்லை.

3.3 என்பதும் நல்ல எண்ணே. ஆனாலும் விண்கலத்துச் சுவரில் எந்த இடத்தில் 35 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் இருக்கிறது, அங்கே பாக்டீரியாவை யார் நீரில் மிதக்கவிட்டுப் பிளாஸ்டிக் தாளால் மூடுகிறார்கள் என்ற கேள்வி விடவில்லை. வீரர் ஒருவர் தும்முகிறார், அல்லது வியர்த்த கையால் கைப்பிடியைப் பற்றுகிறார். அந்த ஈரம் சில நிமிடங்களில் உலர்ந்துவிடுகிறது. அறையின் ஈரப்பதம் நாம் வீட்டில் உணர்வதைப் போன்றதே. வெள்ளி அயனியாகப் பிரிந்து செல்லைச் சேர நீர் வேண்டும். நீரே இல்லாத இடத்தில் அது எப்படிப் பயணம் செய்யும்?

ஆகவே உலர் சோதனை ஒன்றை நாங்களே அமைத்தோம். 10 மைக்ரோலிட்டர் நீர்மத்தைத் தகட்டின் நடுவே ஒரு நாணய அளவுக்குப் பரப்பி, 22 டிகிரி வெப்பம், 45 சதவீத ஈரப்பதம் உள்ள பெட்டியில் வைத்தோம். பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடத்தில் ஈரத்தின் பளபளப்பு மறைந்து, ஓரத்தில் மட்டும் மெல்லிய வளையம் நிற்கும். 1 மணி, 4 மணி, 24 மணி கழித்து மீட்டெடுத்து எண்ணினோம். ஈ.கோலை இதற்குப் பயன்படவில்லை. பூச்சில்லாத தகட்டிலேயே உலர்ந்து பெரும்பகுதி செத்தது. ஸ்டெஃபைலோகாக்கஸ் உலர்வைத் தாங்கி நின்றது.

நான்கு மணி நேரத்தில் வெள்ளித் தகட்டுக்கும் பூச்சில்லாத தகட்டுக்கும் வேறுபாடு சொல்லும்படி இல்லை. இருபத்து நான்கு மணி நேரத்தில் மடக்கையில் 0.8. ஈரச் சோதனையில் 3.3 காட்டிய அதே தகடு. ஒப்பிடுவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த செம்புத் தகட்டில் ஒரு மணி நேரத்திலேயே மடக்கை 2க்கு மேல் குறைந்திருந்தது, நான்கு மணியில் எதையும் மீட்க முடியவில்லை. இது எங்கள் கைக்கோளாறு இல்லை என்று உறுதிசெய்ய மூன்றுமுறை செய்தோம். பின்னர் படித்தபோது 2009இலேயே இதே ஒப்பீட்டை ஆய்வாளர்கள் வெளியிட்டிருந்தது தெரிந்தது: வெள்ளி அயனி கொண்ட பொருள் அதிக ஈரப்பதத்தில் மட்டுமே வேலை செய்தது, சாதாரண அறைச் சூழலில் செம்புக் கலவைகள் மட்டுமே கொன்றன. உலர்ந்த பரப்பில் செம்பு செல்லைத் தொட்டவுடனே அதன் சவ்வைச் சிதைக்கத் தொடங்குகிறது. ஐரோப்பிய விண்வெளி வீரர் மத்தியாஸ் மௌரர் 2021-22இல் நிலையத்தில் இருந்தபோது செய்த தொடுபரப்புச் சோதனையில், லேசரால் நுண்வடிவம் செதுக்கிய செம்பையும் பித்தளையையும் எடுத்துக்கொண்டதன் பொருத்தம் எனக்கு அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது.

அழுக்கையும் பார்க்காமல் விடக் கூடாது. நீர்மத்தில் 0.3 சதவீத ஆல்புமின் புரதம் கலந்து ஈரச் சோதனையை மீண்டும் செய்தபோது, மூடாத வெள்ளித் தகட்டின் திறன் 3.3லிருந்து 1.5க்குச் சரிந்தது. புரதத்தில் உள்ள கந்தகத் தொகுதிகள் வெள்ளியைப் பற்றிக்கொள்கின்றன; நடுநிலையாக்கியில் நாங்கள் வேண்டுமென்றே செய்ததை இங்கே அழுக்கு தானாகச் செய்கிறது. இதற்கு ஒரு வழியாக எனக்குப் படுவது ஏ.ஜி.எக்ஸ்.எக்ஸ். என்ற பூச்சு. வெள்ளியோடு ருத்தேனியத்தையும் சேர்த்து, வைட்டமின் சி கொண்டு பதப்படுத்துவது அது. துருப்பிடிக்காத எஃகில் அதைப் பூசி, நிலையத்தின் கழிவறைக் கதவில் ஒட்டி, 6, 12, 19 மாதங்கள் கழித்து ஆராய்ந்தார்கள். ஆறு மாதத்தில் அந்தப் பரப்பில் எந்தப் பாக்டீரியாவையும் மீட்க முடியவில்லை. 12, 19 மாதங்களில் மொத்தம் 12 மட்டுமே கிடைத்தன. வெறும் எஃகைவிட 80 சதவீதம் குறைவு. வெள்ளி மட்டும் பூசிய பரப்பில் குறைவு 30 சதவீதமே. நாட்கள் செல்லச்செல்லத் தூசியும் தோல் செதிலும் படிந்து, செல் பூச்சைத் தொடவிடாமல் செய்வதாக அவர்கள் கருதினார்கள். என் ஆல்புமின் தகடு சில மணி நேரத்தில் காட்டியதும் அதன் சாயலே.

கடைசியாக அரிப்பு. மூடாத தகடு ஒன்றின் குறுக்கே எஃகு ஊசியால் அலுமினியம் தெரியும்வரை கீறி, ஈரப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்தேன். கீறலின் நெடுகிலும், உப்புப் பொரிந்ததுபோல் வெள்ளைப் பொடி வரிசையாக எழுந்திருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் பொடிக்கு அடியில் சிறு குழிகள். வெள்ளி அயனி திறந்த அலுமினியத்தைத் தேடிப் போய் உலோகமாகப் படிந்து, அந்த இடத்தையே மின்கலமாக்கிவிட்டது. விண்கலக் குடிநீர்த் தொட்டிகளில் வெள்ளி அயனி உலோகச் சுவரில் படிந்து நீரிலிருந்து மறைந்துபோவது அறியப்பட்ட தொல்லை. அதன் மறுபக்கம் இது. மூன்று நிமிடம் மூடிய தகட்டில் அதே கீறலில் பொடி இருந்தது, ஆனால் ஐந்தில் ஒரு பங்குதான். கீறல் இல்லாத பரப்பில் இரண்டிலும் குழி இல்லை. திருகாணி போகும் துளைகளையும் வெட்டிய ஓரங்களையும் எந்தக் காரணம் கொண்டும் பூச்சில்லாமல் விடக் கூடாது. துளையிட்டு, ஓரம் மழித்து, அதன்பிறகே ஆனோடைசிங் செய்ய வேண்டும்.

இவற்றை வைத்து நான் வந்திருக்கும் இடம்: மூன்று நிமிடம் மூடிய வெள்ளித் தகட்டைக் கைப்பிடிக்கோ கதவுக்கோ பரிந்துரைக்க மாட்டேன், அங்கே செம்புக் கலவைதான் பொருந்தும், அதுவும் கை படும் அகலத்துக்கு மட்டும். ஈரம் படிந்து நிற்கும் இடங்கள், அதாவது குளிர்விக்கும் குழாய்களைச் சுற்றிய பலகைகளின் பின்புறம், காற்றின் ஈரத்தைப் பிரித்தெடுக்கும் கருவியின் உறை, இவற்றுக்கு வெள்ளித் தகடு ஏற்றது. கை எட்டாத அந்த இடங்களில் மனிதத் தோலின் அழுக்கும் ஒப்பீட்டளவில் குறைவு, நீரோ நிச்சயம் உண்டு. வெள்ளிக்கு வேண்டியதும் அதுவே.

எத்தனை காலம் அது தாங்கும் என்பதற்காக, மூன்று நிமிடம் மூடிய தகடுகள் பன்னிரண்டை இப்போது 10 டிகிரியில் குளிரும் உலோகக் கட்டையின்மேல் பொருத்தி, ஈரக் காற்று படும்படி வைத்திருக்கிறேன். அவற்றின்மேல் எப்போதும் மெல்லிய பனித்துளிப் படலம் இருக்கும். மாதத்துக்கு இரண்டு தகடுகளை எடுத்து, சரிபார்த்த நடுநிலையாக்கியில் எண்ணுகிறோம். முதல் இரண்டு மாதத்துக்குப் பின் திறன் 2.6லிருந்து 2.3. பச்சை கலந்த பழுப்பு நிறம் சற்று வெளிறியிருக்கிறது, ஓரங்கள் சுத்தமாக உள்ளன. இன்னும் எட்டுத் தகடுகள் மீதமிருக்கின்றன.